சுவரில் மூன்று சட்டைவால்கள்

எல்வின் ஹாக்கன்பெரி எதையும் தன் தவறு என்று ஒப்புக்கொண்டதாக ஊரில் யாருக்கும் ஞாபகமில்லை. பனி தள்ளும் லாரியால் ஒருமுறை பாதிரியார் வீட்டுத் தபால்பெட்டியைச் சாய்த்துவிட்டான். இறங்கிப் பார்த்துவிட்டு, பெட்டியைச் சாலைக்கு மிகவும் ஒட்டி நட்டிருக்கிறார்கள் என்றான். அவன் வேலைக்குச் சேர்வதற்கு முன்பிருந்தே பெட்டி அங்கேதான் நின்றது. மறுநாள் தானே ஒரு புதுக் கம்பம் கொண்டுவந்து நட்டுக்கொடுத்தான். இப்போதுதான் சரியான இடத்தில் இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனான். பழைய குழியில்தான் நட்டிருந்தான்.

டஸ்கரோரா மலையின் வடக்குச் சரிவில் அவனைத் தெரியாதவர்கள் கிடையாது. குளிர்காலத்தில் அவன் லாரி வந்துபோன பிறகுதான் பள்ளிப் பேருந்து வரும். கோடையில் சாலையோரத்துப் புல்லை வெட்டுவான், மண் அரித்த இடங்களில் ஜல்லி கொட்டுவான். ஞாயிற்றுக்கிழமை லுத்தரன் கோயிலில் காணிக்கைத் தட்டு ஏந்துவான். சிவந்த முகம், கனத்த உடம்பு. சிரித்தால் சத்தம் வராது. தோள் இரண்டும் குலுங்கும். கிறிஸ்துமஸ் நெருங்க நெருங்க அந்தச் சிரிப்பு குறையும். பண்டிகைக்கு மறுநாள் பின்பருவ மான் வேட்டை தொடங்கும்.

அந்தப் பருவத்தில் சக்கிமுக்கித் துப்பாக்கி மட்டும்தான் எடுத்துப்போகலாம். குழலின் வாய்வழியாகக் கருமருந்தைக் கொட்டி, ஈயக்குண்டைக் கொழுப்புத் தடவிய துணித்துண்டில் பொதிந்து, குச்சியால் அடிவரை தள்ளி இறக்கவேண்டும். விசையை இழுத்தால் கல் இரும்புத் தகட்டில் உரசிப் பொறி விழும். தகட்டுக்கு அடியில் உள்ள சின்னக் கிண்ணியில் இருக்கும் மருந்து பற்றி, பக்கத்துத் துளைவழியாக நெருப்பு உள்ளே போய், உள்ளே இருப்பது வெடிக்கும். வெடிக்கலாம் என்று சொல்வது பொருத்தம். இரண்டாவது குண்டைக் கெட்டிப்பதற்குள் மான் அடுத்த மாவட்டத்துக்குப் போயிருக்கும்.

எல்வினுக்கு இதில்தான் பிரியம். பன்றிமுதுகு மேட்டில் இருக்கும் பலகைவீட்டு முகாமில் அவன் உறுப்பினன். முகாமுக்குப் பெரியவர் கேலன் ஃபாசல்மன். பன்றி வளர்ப்பவர்; எழுபதைத் தாண்டியவர்; அவர் சொன்னதுதான் சட்டம். இன்னொருவன் லமார் ஸைடர்ஸ், எல்வினின் மனைவி வெர்டாவுக்குத் தம்பி. மற்றவர்கள் வருவார்கள், போவார்கள்.

முகாமில் அடுப்புக்குப் பின்னால் ஒரு சுவர் இருந்தது. மானைச் சுட்டுத் தவறவிட்டவனின் சட்டையில் பின்பக்கம் தொங்கும் வாலைக் கத்தரித்து, அதில் பெயரையும் வருடத்தையும் எழுதி, காரணம் ஏதாவது இருந்தால் அதையும் எழுதி, அந்தச் சுவரில் ஆணியடித்து வைப்பார்கள். கேலனின் வால்கூட அங்கே இருந்தது. மாட்டிய வாலை யாரும் எடுக்கக்கூடாது. தொடர்ந்து நான்கு வருடம் வால் கொடுத்தவன் தான் நிற்கும் இடத்தையும் கொடுத்துவிடவேண்டும்.

எல்வினுடையதாக மூன்று வால்கள் வரிசையாக இருந்தன. மூன்றும் ஒரே பச்சை. முதல் வருடம் கிண்ணிக்குள் பனி விழுந்து மருந்து புகைந்ததோடு சரி. வாலில் ‘நனைந்த மருந்து’ என்று எழுதியிருந்தது. இரண்டாம் வருடம் குழலுக்குள் போட்ட எண்ணெயைத் துடைக்க மறந்து கெட்டித்ததில் குண்டு வெளியே வந்து காலடியிலேயே விழுந்தது. ‘எண்ணெய்’ என்று எழுதியிருந்தது. மூன்றாம் வருடம் எல்லாம் ஒழுங்காக இருந்தது. கல் பொறித்தது, மருந்து வெடித்தது, மான் ஒரு பக்கமும் குண்டு ஒரு பக்கமும் போயின. மூன்றாவது வாலில் பெயரும் வருடமும் மட்டும்தான்.

அவன் நின்ற இடம் ஒரு ஹெம்லாக் மரத்தடித் தட்டைப் பாறை. காற்று அடிக்காது. காலை வெயில் முதலில் அங்கேதான் விழும். மேலிருந்து இறங்குகிற இரண்டு மான்தடங்கள் அதற்கு முன்னால் வந்து ஒன்றாகும். லமார் நிற்பது கீழே சதுப்பின் ஓரத்தில். பத்து நிமிடத்தில் பூட்ஸ் நனைந்துவிடும். அந்தப் பாறைமேல் லமாருக்குப் பல வருடங்களாக ஒரு கண். நான்காம் வருடக் கோடையில் அதில் உட்கார ஒரு மெத்தையே வாங்கிவிட்டான். வாங்கியதை எல்வினிடம் காட்டவும் செய்தான்.

அதனால் எல்வின் அந்த வருடம் அக்டோபரிலேயே துப்பாக்கியை எடுத்துவிட்டான். எண்ணெய் துடைத்து, பக்கத்துத் துளையைக் கம்பியால் குத்தி, மழுங்கிய கல்லைப் பித்தளைத் துண்டால் தட்டிக் கூராக்கி, கல்லைக் கவ்வும் தோலைப் புதிதாக வெட்டிவைத்தான். சனிக்கிழமைகளில் கேலனின் வைக்கோல் நிலத்தில் மேசை போட்டு, ஐம்பது கஜத்துக்கு அப்பால் காகிதத் தட்டை மாட்டிக் குறி பார்த்தான்.

ஒன்றும் சரியாக வரவில்லை. ஒரு குண்டு தட்டின் கீழ்ஓரத்தில் பட்டது. அடுத்தது தட்டுக்கு வெளியே இடதுபக்கம். அடுத்தது எங்கே போனதென்று தெரியவில்லை. குழல்மேல் கண்ணுக்குப் பக்கத்தில் இருக்கும் பின்குறி நகர்ந்திருக்கிறது என்று அதைச் சுத்தியலால் மெல்லத் தட்டினான். மருந்தில் ஈரம் என்று வேறு டப்பா திறந்தான். கல் சரியில்லை, மேசை ஆடுகிறது, கேலனின் பன்றிகள் கத்துகின்றன. லமார் வேலிமேல் உட்கார்ந்து காபி குடித்தபடி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தான்.

“மச்சான், தட்ட விட்டுட்டு அந்த வேலிக்கம்பத்தக் குறி வையி. தட்டுல பட்டாலும் படும்,” என்றான்.

குண்டுகள் பெரும்பாலும் தாழத்தான் விழுந்தன. குண்டு மேலே ஏறவேண்டுமானால் குழல் நுனியில் இருக்கும் முன்குறியை அரத்தால் ராவிக் குட்டையாக்கவேண்டும். அரம் எடுத்ததைத் திருப்பித் தராது. அதனால் விவரம் தெரிந்தவர்கள் இரண்டு இழுப்பு இழுத்துவிட்டு ஒருமுறை சுட்டுப் பார்ப்பார்கள். எல்வினும் அப்படித்தான் ஆரம்பித்தான். இரண்டு இழுத்தான், சுட்டான். இரண்டு இழுத்தான், சுட்டான். நவம்பர் முடிவதற்குள் முன்குறியில் பாதி போய்விட்டது. குண்டுகள் இப்போது தட்டின் நடுவைச் சுற்றி நாலாபக்கமும் விழுந்தன. முன்னேற்றம்தான் என்றான்.

வீட்டில் வெர்டாவுக்கு வேறு தொல்லை. சுட்டுவிட்டு வந்த ஒவ்வொரு சனிக்கிழமையும் குழலைக் குளியல் தொட்டியில் நிறுத்தி, வெந்நீரும் பாத்திரம் கழுவும் சோப்பும் ஊற்றித் துணி வெளுப்பாக வரும்வரை குத்திக் குத்திக் கழுவுவான். அழுகிய முட்டை நாற்றம் வீடு முழுக்க அடிக்கும். தொட்டியைச் சுற்றிக் கறுப்பு வளையம் விழும். அவள் பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்க்கிறாள். பகல் முழுக்கப் பிள்ளைகளுக்குக் கோழிக் குழம்பும் நூடுல்ஸும் கிண்டிவிட்டு வந்தால் இங்கே இது. அதற்கு முன் அவள் ஊரில் இருந்த சட்டைத் தொழிற்சாலையில், அது மூடும்வரை, தையல் மெஷினில் இருந்தவள். எல்வினின் பச்சை டிரில் சட்டைகள் மூன்றும் அவள் கையால் தைத்தவை. மூன்றுக்கும் இப்போது வால் இல்லை. வால் போன சட்டைகள் லாரியின் எண்ணெய் துடைக்கப் போய்ச் சேர்ந்தன.

துணி விஷயத்தில் இருவருக்கும் ஏற்கெனவே ஒரு சண்டை நடந்திருந்தது. போன வருடம் அவளுடைய நல்ல தலையணை உறையின் மூலையை வெட்டிக் குண்டு பொதிந்துவிட்டான். இனி இந்த வீட்டுத் துணி எதையும் துப்பாக்கிக்குத் தொடக்கூடாது என்று அவள் சொல்லியிருந்தாள். ரோஷக்காரன். வழக்கமாகக் குண்டு பொதியும் பழைய நீலவரி மெத்தைத் துணி தீர்ந்ததும் அவளிடம் சொல்லாமலே லூயிஸ்டவுனுக்குப் போய், ஒரு கடையில் அதே நீலவரித் துணியை வாங்கிவந்தான்.

கிறிஸ்துமஸுக்கு முந்தினநாள் மதியம் அவன் வைக்கோல் நிலத்தில் இருந்தான். சாயங்கால ஆராதனைக்குக் குளித்துவிட்டுக் கிளம்பவேண்டும் என்று நினைவுபடுத்த வெர்டா காரில் வந்தாள். அவன் சுட்டான். புகை விலகியது. தட்டில் புது ஓட்டை இல்லை. அவள் பனியில் கால் புதைய நடந்துபோய், மேசைக்குச் சற்று முன்னால், குண்டுகளோடு வெளியே வந்து சிதறிக்கிடந்த கருகிய துணித்துண்டுகளில் ஒன்றை எடுத்தாள். கையுறையைக் கழற்றிவிட்டு விரலால் தடவினாள்.

துணி நடுவில் கிழிந்திருந்தது. கிழிந்த ஓரம் சின்னச் சின்ன மணிகளாகக் கெட்டிப்பட்டிருந்தது.

“இது என்ன துணி?”

“மெத்தைத் துணி. எப்பவும் உள்ளதுதான்.”

“எங்க வாங்கின?”

எல்வின் சொன்னான்.

“தொட்டுப் பாத்து வாங்கினியா, கண்ணால பாத்து வாங்கினியா?”

“வரி ஒண்ணாத்தானே இருக்கு?”

அவள் கையை நீட்டினாள். கெட்டிக்காத புதுத் துண்டு ஒன்றையும் தீப்பெட்டியையும் கொடுத்தான். அவள் மூலையில் பற்றவைத்தாள். துணி சுருண்டது. கறுப்பாக ஒரு சொட்டு கீழே விழுந்து பனியில் ‘ஸ்’ என்றது. பிளாஸ்டிக் பொம்மை எரிகிற வாசனை வந்தது.

“பருத்தின்னா சாம்பலாகும். இது உருகுது. பாதி பாலியெஸ்டர், எல்வின்.”

அவனுக்குப் புரிந்துவிட்டது. துணி உருகிக் கிழிந்தால் குண்டைச் சுற்றி இடைவெளி விழும். வெடியின் வேகம் அந்த இடைவெளியில் ஒழுகிவிடும். குண்டு தனக்குத் தோன்றிய பக்கம் சோம்பலாகப் போய் விழும். பின்குறி, மருந்து, கல், மேசை, பன்றிகள், யார்மேலும் குற்றம் இல்லை. முன்குறி மேலும் இல்லை. முன்குறியில் பாதியோ இப்போது கேலனின் நிலத்தில் இரும்புப்பொடியாகக் கிடந்தது.

“கடைக்காரி சொல்லியிருக்கணும்,” என்றான்.

“ஆமா. மாடு மேய்க்கிறவன் மாதிரி ஒருத்தன் வந்து மெத்தைத் துணி கேட்டா, துப்பாக்கில வச்சுச் சுடப்போறான்னு அவளுக்குத் தெரிஞ்சிருக்கணும்.”

கடைகளை அடைத்துவிட்டார்கள். இனி பருவம் தொடங்கிய பிறகுதான் திறப்பார்கள். ஆராதனை முடிந்து வந்ததும் வெர்டா தன் தடையைத் தானே தளர்த்தி அலமாரிகளைத் திறந்தாள். படுக்கை விரிப்பு பாதிப் பாதி. திரைச்சீலை முழுக்கவே பாலியெஸ்டர். கைதுடைக்கும் துணி பருத்திதான், நெசவு சல்லடை. அவளுடைய ஜீன்ஸ் இழுத்தால் நீண்டது. அவனுடைய ஜீன்ஸ் துண்டில் குண்டைப் பொதிந்து தள்ளியதில் குச்சிதான் வளைந்தது, குண்டு இறங்கவில்லை. கைக்குட்டையைக் கொண்டுவந்தான். அவள் அதை விளக்குக்கு நேரே பிடித்துக் காட்டினாள். அந்தப் பக்கத்து அடுப்பு தெரிந்தது. மேசைமேல் துணிகள் குவிந்தன. இருவரும் அதற்கு நடுவே உட்கார்ந்து, பீட்ரூட் சாற்றில் ஊறிய முட்டைகளைத் தின்றார்கள்.

“நல்ல நெருக்கமான பருத்தி, சரியான கனம், ஒரே எடத்துலதான் இருக்கு,” என்றாள் வெர்டா.

“எங்க?”

“மூணு வருஷமா நீயே கொண்டுபோய்க் குடுத்திட்டு வர்ற எடத்துல.”

எல்வின் முட்டையை வாயருகே பிடித்தபடி நிறுத்தினான். சுவரைத் தொடக்கூடாது என்றான். யார் சொன்னது என்றாள். கேலன் என்றான்.

“கேலன் தச்ச சட்டையா அது? நான் தச்சது. போய் எடுத்துக்க.”

கிறிஸ்துமஸ் காலையில் அவள் அவனுக்கு ஒரு புதுச் சட்டை கொடுத்தாள். சிவப்பும் கறுப்பும் கட்டம் போட்டது, உள்பக்கம் பூனைமுடி மாதிரி மெத்தென்றிருந்தது. போட்டுக்கொண்டு திரும்பச் சொல்லி, பின்பக்க வாலைக் கையால் நீவிவிட்டாள். இது முழுசாகத் திரும்பி வரவேண்டும் என்றாள்.

முகாமுக்குப் போகும் பாதையில் பனி தள்ளுவது வருடாவருடம் அவன் வேலை. அதனால் எப்போதும் அவன்தான் முதலில் போய்ச் சேருவான். அன்றும் மதியம் தாண்டிய வேளையில் போனான். அடுப்பை மூட்டினான். தண்ணீர் கொண்டுவந்து வைத்தான். விறகை அடுக்கினான். அடுக்கியதையே இன்னொருமுறை அடுக்கினான். பிறகு சுவருக்கு முன்னால் போய் நின்றான்.

எந்த வாலை எடுப்பது என்பதில் குழப்பம் வந்தது. ‘நனைந்த மருந்து’ம் ‘எண்ணெய்’யும் அவனுக்கு ஒருவகையில் ஆதரவான சாட்சிகள். காரணமில்லாத மூன்றாவது வால்தான் அவனை முறைத்துக்கொண்டிருந்தது. ஆணியைக் கழற்றாமல், பெயரும் வருடமும் இருந்த மேல்பட்டையை மட்டும் விட்டுவிட்டு, கீழே தொங்கியதைக் கத்தரித்து எடுத்தான். மடிப்பில் வெர்டாவின் தையல் நேராக ஓடியிருந்தது. மிஞ்சிய பட்டைமேல் தன் ஈரக் காலுறைகளைக் காயப்போட்டு மறைத்தான்.

துணியில் மான்கொழுப்பும் தேன்மெழுகும் சேர்த்த களிம்பைத் தேய்த்தான். வெளியே ஒரு அடிமரத்தில் காகிதத் தட்டை மாட்டினான். முதல் குண்டு பச்சைத் துணியோடு கச்சிதமாக, ஒரே அழுத்தத்தில் இறங்கியது. சுட்டான். இன்னொன்று. இன்னொன்று. போய்ப் பார்த்தபோது மூன்று ஓட்டைகளும் ஒன்றோடொன்று தொட்டுக்கொண்டிருந்தன. காபிக் கோப்பையை வைத்தால் மூன்றையும் மூடிவிடலாம். ஆனால் மூன்றும் நடுப்புள்ளிக்கு ஒரு சாண் மேலே இருந்தன.

எல்வின் சட்டைப்பையிலிருந்து அரத்தை எடுத்து, புதருக்குள் வீசினான். சிறிது நேரம் கழித்து, நல்ல அரம் என்பதால், போய்த் தேடி எடுத்துவந்தான். இனிச் செய்வதற்கு ஒன்றே ஒன்றுதான் இருந்தது. நெஞ்சில் அடிக்கவேண்டுமானால் ஒரு சாண் கீழே குறி வைக்கவேண்டும். மானைப் பார்த்த நேரத்தில் இதை நினைவு வைத்திருக்கவேண்டும்.

சாயங்காலம் கேலனும் லமாரும் வந்தார்கள். கேலன் தன் வீட்டுப் பன்றித் தொத்திறைச்சி கொண்டுவந்திருந்தார். லமார் மெத்தை கொண்டுவந்திருந்தான். அதை எல்வின் கண்ணில் படும்படி கதவுக்குப் பக்கத்தில் சாய்த்துவைத்தான். சாப்பிடும்போது பேச்சு முழுக்க அந்தப் பாறையைப் பற்றியதாகவே இருந்தது. அதன்மேல் சின்னதாக ஒரு கூரை போட்டால் எப்படி இருக்கும் என்று லமார் கேலனிடம் யோசனை கேட்டான். எல்வின் தொத்திறைச்சியை மென்றுகொண்டே காலுறைகளைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவை காய்ந்துவிட்டன. அவன் எடுக்கவில்லை.

விடிகாலையில் எல்வின் குழலுக்குள் சாராயம் தோய்த்த துணியை விட்டு எண்ணெயை முழுக்கத் துடைத்தான். கிண்ணியில் சிறிது மருந்து போட்டு வெறுமனே வெடிக்கவைத்துத் துளையில் இருந்த ஈரத்தைப் போக்கினான். பிறகுதான் கெட்டித்தான். கல்லும் கிண்ணியும் இருக்கும் இடத்தைத் தோலால் மூடிக் கட்டினான். முதல் வருடத்துக்கும் இரண்டாம் வருடத்துக்கும் பதில் சொல்லியாகிவிட்டது.

பாறையில் வெயில் விழத் தொடங்கியபோது மான்கள் இறங்கின. மூன்று. முன்னால் வந்தது கொழுத்த பெட்டைமான். இரண்டு தடமும் சேரும் இடத்தில் நின்று, காது இரண்டையும் திருப்பியது. எல்வின் ஏற்கெனவே தோலைக் கழற்றித் துப்பாக்கியை உயர்த்தியிருந்தான். பாதியாய்ப் போன முன்குறி, பழக்கத்தில், தானாகப் போய் மானின் நெஞ்சுமேல் உட்கார்ந்தது. விரல் விசைக்கு வந்துவிட்டது. அப்போதுதான் சாண் ஞாபகம் வந்தது. குறியைக் கீழே இறக்கினான். முன்கால் வயிற்றைத் தொடும் இடத்துக்கும் கீழே, வெறும் பனியைப் பார்த்து நிறுத்தினான். இவ்வளவு பெரிய மானை விட்டுவிட்டுப் பனியைச் சுடுவதற்கு மனம் வரவில்லை. கண்ணைச் சுருக்கிக்கொண்டு இழுத்தான்.

பொறி விழுந்தது. கிண்ணி பற்றியது. பிறகு வெடித்தது. அதற்குப் பிறகு புகை. வெள்ளைத் திரை போட்டதுபோல முன்னால் நின்றது. காற்று அடிக்காத இடம் என்பதால் நகரவும் இல்லை. எல்வின் குனிந்து பார்த்தான். மண்டியிட்டுப் பார்த்தான். கடைசியில் பனியில் குப்புறப் படுத்துப் புகைக்கு அடியில் பார்த்தான். எட்ட, சாய்ந்துகிடக்கும் நான்கு கால்கள் தெரிந்தன. அசையவில்லை. தோள்கள் குலுங்கத் தொடங்கின.

சத்தம் கேட்டு லமார் சதுப்பிலிருந்து நனைந்த பூட்ஸோடு ஏறிவந்தான். மானைப் பார்த்தான். மெத்தையை முகாமிலேயே விட்டுவந்தது நல்லதாகப் போயிற்று என்று சொல்லிவிட்டு, மனசாரவே கைகொடுத்தான். இழுத்துப்போகக் கயிறு கட்டும்போது, பாறைக்குச் சற்று முன்னால் பனிமேல் கிடந்த துணித்துண்டு அவன் கண்ணில் பட்டது. எடுத்துப் பிரித்தான். நடுவில் மட்டும் கறுத்திருந்தது, ஓரம் எங்கும் கிழியவில்லை. நல்ல துணி என்று பாராட்ட வாயைத் திறந்தவன் மூடிக்கொண்டான். வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தான்.

“இந்தப் பச்சை எனக்குத் தெரியும் மச்சான். எங்க அக்கா தச்சது.”

முகாமுக்கு வந்ததும் லமார் நேராகப் போய்க் காலுறைகளை எடுத்தான்.

அவரைச் சூப் ஆறிக்கொண்டிருக்க, கேலன் தலைமையில் விசாரணை நடந்தது. லமார் வக்கீல்மாதிரி நின்றுகொண்டே பேசினான். சுவரிலிருந்து திருடுவது தவறவிடுவதற்குச் சமம். ஆக இது நான்காவது வருடம். ஆகவே பாறை போகவேண்டும். யாருக்குப் போகவேண்டும் என்று தான் சொல்லப்போவதில்லை. கேலன் மிஞ்சியிருந்த பட்டையைத் தொட்டுப் பார்த்தார். ஏன் எடுத்தாய் என்று எல்வினைக் கேட்டார். எல்வின் லூயிஸ்டவுனிலிருந்து தொடங்கினான். கடைக்காரி வந்தாள், வரிகள் வந்தன, வெர்டாவின் தலையணை உறை வந்தது, அரம் வந்தது. கேலன் சூப் கரண்டியைத் தூக்கிக் காட்டி நிறுத்தினார்.

“பாறை உனக்கு வேணுமா, வேண்டாமா?”

“வேணும் கேலண்ணே.”

“அப்பன்னா ஒண்ணு மட்டும் சொல்லு. தப்பு யாருது?”

எல்வின் அடுப்பைப் பார்த்தான். சன்னலைப் பார்த்தான். வெளியே மரத்தில் தொங்கிக்கொண்டிருந்த மானைப் பார்த்தான். அதனிடமிருந்தும் உதவி வரவில்லை. முகத்தின் சிவப்பு காதுவரை ஏறியது. நின்றுகொண்டிருந்த லமார் மெல்ல உட்கார்ந்தான்.

“பாதி என்னுது,” என்றான் எல்வின்.

“மீதி?”

“பாலியெஸ்டர்.”

லமார், இது ஒப்புக்கொண்டதில் சேராது, பாதி என்பது பதிலே இல்லை என்று ஆரம்பித்தான். கேலன் அவனைப் பார்க்காமலே சூப்பில் ரொட்டியைத் தோய்த்தார்.

“இவன் வாயிலேர்ந்து பாதி வந்துச்சே. இவன் அம்மாவுக்கே கெடைக்காதது. பாறை இவன்கிட்டயே இருக்கட்டும்.” பிறகு சுவரைக் காட்டினார். “ஆனா அங்க பள்ளம் விழுந்திருக்கு. அத அடைக்கணும். எந்திரிச்சுத் திரும்பு.”

கத்தரிக்கோலை லமாரிடம் கொடுத்தார். அந்த அளவுக்காவது அவனுக்கு நியாயம் கிடைக்கவேண்டும் என்று நினைத்திருக்கலாம். லமார் அவசரப்படாமல், இடுப்புவரை அளந்து, தாராளமாகவே வெட்டினான். கேலன் அதில் எல்வினின் பெயரை எழுதினார். வருடத்தை எழுதினார். காரணம் எழுதும் இடத்தில் ‘பாதி’ என்று எழுதினார். பச்சைகளுக்குப் பக்கத்தில் சிவப்புக் கட்டம் ஏறியது. மான் தொங்கும்போதே வால் கொடுத்தவன் முகாமின் சரித்திரத்தில் எல்வின் ஒருவன்தான் என்றார் கேலன். எல்வினின் தோள்கள் அப்போதுதான் மறுபடியும் குலுங்கின. மற்ற இருவரும் சேர்ந்துகொண்டார்கள்.

வீட்டில் வெர்டா முதலில் லாரியின் பின்பக்கத்தைப் பார்த்தாள். மான் இருந்தது. பிறகு எல்வினின் பின்பக்கத்தைப் பார்த்தாள். கோட்டைக் கழற்றச் சொன்னாள். அவன் கழற்றாமல் கொஞ்சநேரம் சமையலறைக்குள் நடந்தான். பிறகு கழற்றினான்.

“மான் விழுந்துச்சுல்ல?”

“விழுந்துச்சு.”

“அப்பறம் இது என்ன?”

முழுக் கதையையும் சொன்னான். பாதியைச் சொன்ன இடத்தில் அவள் கையில் இருந்த கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, மறுபடியும் சொல்லச் சொன்னாள். சொன்னான். இன்னொருமுறை சொல்லச் சொன்னாள். அதற்கு அவன் சம்மதிக்கவில்லை.

அவள் அவனைத் திருப்பி நிறுத்தி, வெட்டிய ஓரத்தை இரண்டு விரலால் தேய்த்துப் பார்த்தாள்.

“இதுவும் பாதிதான். அறுபது நாப்பது. இத எவனும் செவுத்துலேர்ந்து திருடமாட்டான்,” என்றாள்.

அன்றைக்கு மட்டும் குழலைக் குளியல் தொட்டியில் கழுவிக்கொள்ள அனுமதி கிடைத்தது. வெந்நீரை அவளே கொதிக்கவைத்துக் கொடுத்தாள். முதல் துணி கரியாக வந்தது, அடுத்தது சாம்பல் நிறத்தில், பிறகு வெளுப்பாக. உலரவைத்து, எண்ணெய் போட்டு, மாடிப்படிக்கடியில் துப்பாக்கியை வைத்தான். முன்குறிக்குப் புது இரும்பு வாங்கவேண்டும் என்று சொல்லிக்கொண்டான். பழைய இரும்பு மிகவும் மிருதுவானது என்றும் சொல்லிக்கொண்டான்.

புது வருடத்துக்கென்று வழக்கமாகச் சமைக்கும் பன்றிக்கறியும் புளித்த முட்டைக்கோஸும் தீர்ந்த பிறகு ஒரு சனிக்கிழமை இருவரும் லூயிஸ்டவுன் கடைக்குப் போனார்கள். கடைக்காரி நீலவரித் துணியை எடுத்து மேசைமேல் விரித்தாள். எல்வின் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு தள்ளி நின்றான். வெர்டா துணியைத் தடவிப் பார்த்தாள், முகர்ந்து பார்த்தாள். பிறகு ஓரத்திலிருந்து ஒரு நூல் கேட்டு வாங்கிக்கொண்டு வாசலுக்குப் போய், கைப்பையைத் திறந்து தீப்பெட்டியை எடுத்தாள்.